‘மொங்கோலியன்’ சாப்பாட்டை மொங்கோலியாவில் தேடினால்

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு சாப்பாட்டுக்கடையின் மெனு அட்டையை விரித்தால், நாசி கொரேங்குக்குப் பக்கத்தில் ‘மொங்கோலியன் ரைஸ்’ என்று ஒன்று இருக்கும். முட்டை, கோழி, இறால், உறைப்பான சோஸ் எல்லாம் சேர்ந்து ஒரு கோப்பை நிறையச் சோறு. ரெண்டு மூண்டு பேர் பங்கு போடலாம். ஆனால் மொங்கோலியாவில் நெல் விளைவதில்லை. அங்கத்தைய பழைய சமையலில் மிளகாய்க்கும் இறாலுக்கும் இடமில்லை. கடலே இல்லாத நாடு அது.

அப்ப உண்மையில் மொங்கோலியர் என்னத்தைச் சாப்பிடுகினம்? அவர்களின் தலைநகரான உலான்பாட்டரில் ‘பாரம்பரியச் சாப்பாடு’ வேணும் என்றால் எங்கே போகவேண்டும்? பயணக் கையேட்டுக் கேள்வி மாதிரித்தான் இருக்கு. ஆனால் பதில் தேடினால் கிட்டத்தட்ட நானூறு வருச வரலாறு வெளியே வருகிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். உலகம் முழுக்கத் தெரிந்த ‘மொங்கோலியன் பார்பிகியூ’, அதாவது பெரிய வட்டமான இரும்புத் தட்டில் இறைச்சியும் மரக்கறியும் பிரட்டித் தருகிற சாப்பாடு, பிறந்த இடம் தாய்வான். 1951இல் தாய்பே நகரில் வூ சாவ்நான் என்பவர் அதைத் தொடங்கினார். அவர் பீஜிங்கில் பிறந்தவர், மேடையில் பேசிச் சிரிக்க வைக்கிற கலைஞர். ‘பீஜிங் பார்பிகியூ’ என்று பெயர் வைக்கத்தான் அவருக்கு விருப்பம். ஆனால் பீஜிங் கொம்யூனிஸ்ட் சீனாவின் தலைநகராகி ரெண்டு வருசம்தான் ஆகியிருந்தது. தாய்வானில் அந்தப் பெயரைப் பலகையில் எழுதுவது வில்லங்கம். அதனால் ‘மொங்கோலியன்’ என்று வைத்தார். பிறகு அது அமெரிக்காவுக்குப் போய்ப் பெரிய வியாபாரம் ஆனது. 2005இல் அப்படியான ஒரு அமெரிக்கச் சங்கிலிக் கடை உலான்பாட்டரிலேயே கிளை திறந்தது. மொங்கோலியருக்கு மொங்கோலியன் பார்பிகியூ அறிமுகமானது இந்த வழியால்தான்!

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ‘அப்ப அசல் எது?’ என்று கேட்கத் தோன்றும். அந்த அசலும் நாங்கள் நினைக்கிற மாதிரி லேசில் பிடிபடாது.

உலான்பாட்டர் ஒரு காலத்தில் நகர்ந்து திரிந்த நகரம். 1639இல் ஒரு புத்த மடமாகத் தொடங்கியபோது அது கூடாரங்களால் ஆனது. மேய்ச்சலும் தண்ணியும் பார்த்து இருபது தடவைக்கு மேல் இடம் மாறி, 1778இல்தான் தூல் ஆற்றுப் பள்ளத்தாக்கில், இப்போதுள்ள இடத்தில் நிலைகொண்டது. பிரித்துக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிற வாழ்க்கையில் சமையலும் அதற்கேற்ற மாதிரித்தான் இருக்கும். மொங்கோலியர் உணவை ரெண்டாகப் பிரிப்பார்கள். ‘வெள்ளை உணவு’ பாலில் இருந்து வருவது: கல்லுப் போலக் காயவைத்த தயிர்க்கட்டியான ஆரூல், பாலாடையான ஊரும், குதிரைப்பாலைப் புளிக்க வைத்த ஆய்ரக். இது கோடைக்கு. ‘சிவப்பு உணவு’ இறைச்சி. இது குளிர்காலத்துக்கு.

ஏன் இவ்வளவு இறைச்சி, ஏன் இவ்வளவு கொழுப்பு? உலகத் தலைநகரங்களிலேயே கூடக் குளிரான நகரம் அது. மாரியில் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை வரைக்கும் இறங்கும். பயிர் வளர்கிற காலமோ மிகக் குறுகியது. மனிதர் தின்ன முடியாத புல்லை ஆடும் மாடும் குதிரையும் தின்று பாலாகவும் இறைச்சியாகவும் மாற்றிக் கொடுக்கின்றன. சரக்குத்தூள் கிடையாது, பெரும்பாலும் உப்பு மட்டும்தான். உறைப்பு இல்லாட்டி சாப்பாடே இறங்காது என்கிற எங்களுக்கு அது ‘சப்’ எண்டுதான் இருக்கும். ஆனால் அந்த நிலத்தில் உயிரோடு இருக்கிறதுக்கு மனிதர் கண்டுபிடித்த கணக்கு அது.

இனி வெளியே இருந்து வந்தவை. உலான்பாட்டரில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கையில் தருவது பாலும் உப்பும் போட்ட தேத்தண்ணி. ஆனால் தேயிலை அங்கே விளையாது. 1727இல் ரஷ்யாவும் சீனாவும் கியாக்தா உடன்படிக்கை செய்த பிறகு, பீஜிங்கில் இருந்து ரஷ்ய எல்லைக்குப் போகிற ஒட்டகத் தொடர்கள் இந்த நகரத்தின் வழியாகப் போயின. செங்கல் மாதிரி இறுக்கி அச்சடித்த தேயிலை இங்கே காசாகவே புழங்கியது. நகரத்துக்குக் கிழக்கே சீன வணிகர்களுக்குத் தனிக் குடியிருப்பே இருந்தது. தேயிலையோடும் மாவோடும் சேர்ந்து கடனும் வந்தது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது மந்தை மேய்ப்பவர்களில் கனபேர் சீன வணிகரிடம் கடன்பட்டுக் கிடந்தார்கள். 1911இல் சீனப் பேரரசிடமிருந்து பிரிந்து சுதந்திரம் அறிவித்ததற்கு இந்தக் கடனும் ஒரு காரணம்.

இன்று தேசிய உணவு என்று அவர்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிற பூஸும் அந்த வழியால்தான் வந்தது. கோதுமை மாவுக்குள் கொத்தின இறைச்சியை வைத்து, எங்கட மோதகம் மாதிரி மடித்து, நீராவியில் அவிப்பது. ‘பாவ்ஸ’ என்ற சீனச் சொல்தான் மொங்கோலிய வாயில் ‘பூஸ்’ ஆனது. சின்னச் சாப்பாட்டுக்கடைக்கு அவர்கள் சொல்கிற ‘குவான்ஸ்’ என்ற சொல்லும் சீனத்தில் இருந்து வந்ததே. கடன் கசந்தது, ஆனால் பூஸ் தங்கிவிட்டது.

அடுத்தது சோவியத் காலம். 1921இல் புரட்சி. 1924இல் நகரத்துக்கு ‘சிவப்பு வீரன்’ என்று பொருள்படும் இப்போதைய பெயர். தொழிற்சாலைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பொதுச் சாப்பாட்டு மண்டபங்கள் வந்தன. மேசையில் உருளைக்கிழங்கு, கோவா, கரட் ஏறின. மயோனெய்ஸ் போட்டுப் பிசைந்த உருளைக்கிழங்குச் சலாதுக்கு அங்கே ‘நீஸ்லெல் சலாத்’ என்று பெயர். ‘தலைநகரச் சலாது’ என்று அர்த்தம். அது ரஷ்யப் பெயரின் நேரடி மொழிபெயர்ப்பு; அந்தத் தலைநகரம் மொஸ்கோ. இன்றைக்கு விருந்துகளில் மொங்கோலியர் அதைத் தங்கட சாப்பாடாகத்தான் வைக்கிறார்கள்.

அதே அரசுதான் 1950களின் கடைசியில் மேய்ப்பவர்களின் மந்தைகளைக் கூட்டுப் பண்ணைகளில் சேர்த்தது. ‘ட்சகான் சார்’ என்ற புதுவருசக் கொண்டாட்டத்தைத் தடுத்து, ‘கூட்டுப் பண்ணை மேய்ப்பர் நாள்’ என்று வேறொன்றைக் கொண்டுவந்தது. ட்சகான் சார் எண்டால் பூஸ். ஒரு வீட்டில் நூற்றுக்கணக்கில், சில வீடுகளில் ஆயிரத்துக்கும் மேல் செய்து, வெளிக்குளிரிலேயே உறையவைத்து, வருகிற சொந்தபந்தங்களுக்கு அவித்துக் கொடுப்பார்கள். நாட்காட்டியில் இருந்து ஒரு கொண்டாட்டத்தின் பெயரை அழிக்கலாம். மா பிசைகிற கையிலிருந்து அதை அழிப்பது கஷ்டம். 1990இல் ஜனநாயகப் புரட்சி நடந்த பிறகு கொண்டாட்டம் திரும்பவும் வெளியே வந்தது.

அதுக்குப் பிறகும் சுகமான காலம் இல்லை. சோவியத் உதவி நின்றதும் கடைகள் வெறுமையாகின, பங்கீட்டு அட்டைகள் வந்தன. 1999 முதல் 2002 வரை அடுத்தடுத்து ‘ட்சுத்’ என்கிற கொடும் மாரிகள் வந்து, 1 கோடிக்கு மேற்பட்ட கால்நடைகள் செத்தன. 2009–10 மாரியிலும் அதே மாதிரிப் பெரிய அழிவு. மந்தையை இழந்த குடும்பங்கள் கூடாரத்தோடு தலைநகரத்துக்கு வந்து விளிம்புகளில் குடியேறின. இன்று நாட்டின் மக்களில் பாதிக்குக் கிட்ட இந்த ஒரு நகரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் அரைவாசிக்கு மேல் அந்தக் கூடாரக் குடியிருப்புகளில். சமைக்கிற அடுப்பும் குளிர்காய்கிற அடுப்பும் ஒன்றே. அதில் எரிந்த நிலக்கரிப் புகை நகரத்தையே மூடியதால் 2019இல் பதப்படுத்தாத நிலக்கரிக்குத் தடை வந்தது.

அப்ப எங்கே சாப்பிடுவது? ‘மொடர்ன் நோமாட்ஸ்’ மாதிரியான உணவகங்களில் வசதியாக இருந்து கோர்கோக் கேட்கலாம். பால் கானுக்குள் இறைச்சியோடு சூடாக்கிய கற்களைப் போட்டு அவிக்கிற சமையல் அது. அந்தச் சூட்டுக் கல்லைக் கைமாற்றிப் பிடித்தால் உடம்புக்கு நல்லது என்பார்கள். ‘கான் பூஸ்’ போன்ற மலிவான கடைகளிலும், தெருவோரக் குவான்ஸ்களிலும் வேலைக்குப் போகிற சனம் பூஸும், இறைச்சியோடு புழுங்கவைத்த நூடில்ஸான ட்சூய்வனும் சாப்பிடுவதைப் பார்க்கலாம். யூலை 11இல் தொடங்குகிற நாதாம் விழாவுக்குப் போனால், மைதானத்தைச் சுற்றி எங்கட பற்றிஸ் மாதிரிப் பிறை வடிவில் பொரித்த கூஷூர். கோடையில் ஆய்ரக், அதைத் தோல்பையில் கடைந்து செய்கிற முறையை 2019இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் மெனு அட்டை இல்லாத இடம்தான் முக்கியமானது எண்டு நாங்கள் நினைக்கிறம். மாரி தொடங்கும்போது ஊரில் இருக்கிற உறவினர் நகரத்துச் சொந்தங்களுக்கு ‘இதேஷ்’ என்று மாரிக்கால இறைச்சியை அனுப்புவார்கள். அடுக்குமாடியின் பல்கனியில் அது உறைந்து கிடக்கும். மேய்ச்சல் நிலத்துக்கும் நகரத்துக்கும் இடையில் அறாத கயிறு அது.

‘அசல்’, ‘பாரம்பரியம்’ என்ற சொற்களை நாங்கள் எல்லாரும் லேசாகப் பாவிக்கிறம். யாருக்கோ வசதியாக வைத்த பெயர் பலகையில் ஏறி உலகம் சுற்றும். ஆனால் சீனத்துச் சொல், ரஷ்யச் சலாது, கடன், தடை, செத்த மந்தைகள் எல்லாவற்றையும் தாண்டி ஒரு சாப்பாடு உலான்பாட்டர் மக்களுடையதாக இருக்கிறது. வெளியில் இருந்து எதுவும் கலக்காததால் அது அவர்களுடையதாகவில்லை. எது கலந்தாலும் ஒவ்வொரு மாரியும் கூடியிருந்து மா பிசைந்ததால் அவர்களுடையதாயிற்று.