சேவலும் சிறுத்தையும்: அலபாமாவின் ஒரு கவுண்டியில் வாக்குச்சீட்டு

இரகசிய வாக்கெடுப்பு வந்த பிறகுதான் ஏழைக் குடியானவர் பண்ணையாருக்கு அஞ்சாமல் ஓட்டுப் போடத் தொடங்கினார் என்பது பள்ளிப் பாடம். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில், அதிலும் பருத்தி விளையும் கவுண்டிகளில், நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. அங்கே மறைப்புக்குள் நின்று தனியே குறியிடும் முறை வந்தபோது பல்லாயிரம் பேர் வாக்குச்சாவடிப் பக்கமே வராமல் போனார்கள். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் அலபாமாவின் லௌண்டஸ் கவுண்டியை முன்வைத்து இக்கட்டுரை அந்த முரணை ஆராய்கிறது. கவுண்டி என்பது நம் தாலுகாவை ஒத்த ஆட்சி அலகு; ஆனால் அங்கே காவல் தலைவரான ஷெரீப், வரி மதிப்பிடுபவர், வரி வசூலிப்பவர், பள்ளிக் குழு உறுப்பினர்கள் எல்லோரும் ஊர்க்காரர்களின் ஓட்டில் வருபவர்கள். கைது செய்பவரும் வரி போடுபவரும் சாவடியிலேயே தீர்மானிக்கப்படுவதால் யார் உள்ளே போகலாம் என்பது அங்கே உயிர் போகிற விஷயம். அதைத் தீர்மானித்ததில் இரகசியத்துக்குப் பங்கு குறைவு என்பதே என் வாதம். சீட்டை அச்சிட்டது யார், அதில் இருந்தது எழுத்தா படமா, படிக்கத் தெரியாதவருக்குத் துணை நிற்க யாருக்கு உரிமை இருந்தது என்பவையே வாசலைத் திறந்தன அல்லது அடைத்தன.

தொடக்க காலக் கிராம அமெரிக்காவில் பல மாநிலங்களில் வாக்கு என்பது வாயால் சொல்வது. வர்ஜீனியாவில் நிலமுள்ள ஆண்கள் கவுண்டி நீதிமன்றத்துக்கு வந்து, வேட்பாளர்கள் அமர்ந்திருக்க, ஷெரீப்பின் முன்னிலையில் தாம் விரும்புபவரின் பெயரை உரக்கச் சொல்வார்கள். எழுத்தர் குறித்துக்கொள்வார். ஓட்டு வாங்கியவர் எழுந்து நன்றி சொல்வதும் உண்டு. 1758-இல் ஃபிரெடெரிக் கவுண்டியில் போட்டியிட்ட ஜார்ஜ் வாஷிங்டன் சார்பில் ஏறத்தாழ 160 காலன் மது ஊற்றப்பட்டது. வாக்காளர்களோ 400 பேர்கூட இல்லை. 1777-இல் மது வாங்கிக் கொடுக்க மறுத்த ஜேம்ஸ் மேடிசன் தோற்றுப்போனார். இந்த முறை சீக்கிரம் மறையவுமில்லை. வர்ஜீனியா 1867 வரையிலும் கென்டக்கி 1891 வரையிலும் இதையே பின்பற்றின. கடன்காரனும் நில உரிமையாளரும் எதிரே நிற்க வாய்திறந்து சொல்லும் ஓட்டு சுதந்திரமான ஓட்டல்ல என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்து வந்தது கட்சிச்சீட்டு. அரசு எதையும் அச்சிடவில்லை. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் பட்டியலைத் தனி நிறத் தாளில், தன் படத்தோடு அச்சிட்டுச் சாவடி வாசலில் ஆள் நிறுத்திக் கொடுத்தது. வாக்காளர் அதை வாங்கி அப்படியே பெட்டியில் போட்டார். தாளின் நிறமே யாருக்கு ஓட்டு என்பதை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். இருந்தும், உள்நாட்டுப் போருக்குப் பின் 1867-இல் அலபாமாவில் வாக்குரிமை பெற்ற முன்னாள் அடிமைகளுக்கு இந்தச் சீட்டே கைகொடுத்தது. எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றமாயிருந்த நாட்களில் வளர்ந்தவர்கள் அவர்கள். தங்கள் கட்சியின் சீட்டு எது என்று பார்த்த மாத்திரத்தில் அறிந்து, கூட்டமாகச் சாவடிக்குப் போய், கறுப்பினத்தவரைப் பதவிக்கு அனுப்பினார்கள். பாதுகாப்பு தனிமையில் இல்லை, கூட்டத்தில் இருந்தது.

அரசே அச்சிட்டு, எல்லா வேட்பாளர்களின் பெயரையும் ஒரே தாளில் கொடுத்து, மறைப்புக்குள் குறியிடச் செய்யும் முறை ஆஸ்திரேலியாவில் 1856-இல் பிறந்தது. அமெரிக்காவில் 1888-இல் கென்டக்கியின் லூயிவில் நகரமும் அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலமும் அதைச் சட்டமாக்கின. அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் பெரும்பாலான மாநிலங்கள் பின்தொடர்ந்தன. வடக்கே இதை முன்னெடுத்தவர்களின் நோக்கம் ஓட்டுக்குப் பணம் கொடுப்பதை ஒழிப்பது. தெற்கே அதே சட்டத்தைக் கையில் எடுத்தவர்களின் கணக்கு வேறு. படிக்கத் தெரியாதவரிடம் பெயர்கள் மட்டும் நிறைந்த தாளை நீட்டி, துணைக்கு யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டால், வாக்குரிமையைப் பறித்ததாக ஒரு வரிகூட எழுதாமலே பறித்துவிடலாம்.

இந்தத் தந்திரத்துக்கு முன்னோடி தென் கரோலினாவின் 1882-ஆம் ஆண்டுச் சட்டம். ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனிப் பெட்டி. ஷெரீப்புக்கான சீட்டு ஆளுநர் பெட்டியில் விழுந்தால் செல்லாது. பெட்டிகளின் மேல் பெயர் எழுதியிருக்கும். யாராவது உள்ளே போய்வந்து வரிசையைச் சொல்லிக்கொடுத்தால், பெட்டிகளை இடம் மாற்றி வைத்துவிடுவார்கள். எட்டுப் பெட்டிச் சட்டம் என்று பெயர் பெற்ற இதையும் இந்தியாவின் 1951–52 பொதுத்தேர்தலையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையமும் ஒரே சாவடியில் பல பெட்டிகளை வைத்தது. ஆனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொன்றிலும் அவருடைய சின்னம். ஓரிடத்தில் எழுத்தறியாதவரைச் சிக்கவைக்கப் பெட்டிகளைப் பெருக்கினார்கள். இன்னோரிடத்தில் அவரை உள்ளே அழைக்கப் பெருக்கினார்கள். சின்னம் ஒன்றுதான் வித்தியாசம்.

அலபாமாவில் இந்த வேலையைச் செய்தது 1893-ஆம் ஆண்டின் சேயர் சட்டம். அதற்கு முந்தைய ஆண்டு ஆளுநர் தேர்தலில் சிறு விவசாயிகளின் தலைவர் ரூபன் கோல்ப், தாமஸ் ஜோன்ஸிடம் ஏறத்தாழ 11,000 ஓட்டில் தோற்றிருந்தார். லௌண்டஸ் உள்ளிட்ட கறுப்புமண் கவுண்டிகளில் பண்ணையார்கள் தங்கள் குடியானவர்களின் பெயரில் எண்ணிப் போட்ட ஓட்டுகளே அந்த வெற்றியைத் தந்தன என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கோல்ப் மறுமுறையும் அவ்வளவு நெருங்கிவரும் ஆபத்து வேண்டாம் என்று வந்த சட்டம், சீட்டிலிருந்து கட்சிப் பெயரையும் படத்தையும் நீக்கியது. பெயர்களை அகரவரிசையில் அடுக்கியது. மறைப்புக்குள் நிற்க ஐந்து நிமிடம் மட்டும் கொடுத்தது. உதவி வேண்டுபவர் சாவடி அதிகாரியைத்தான் கேட்க வேண்டும். அந்த அதிகாரிகளோ ஆளுங்கட்சி நியமித்தவர்கள். அடிபட்டவர்களில் கறுப்பினத்தவர் மட்டுமல்ல, கோல்ப்பின் பின்னால் நின்ற ஏழை வெள்ளையரும் அடக்கம்.

என் வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் சொல்லப்படுவதுண்டு. முதலாவது, சட்டத்தின் உண்மையான இலக்கு ஊழல். எழுத்தறியாதவர் விடுபட்டது பக்கவிளைவு என்பது. ஊழல் ஒழிந்ததா என்று பார்த்தால் இதன் பலம் தெரிந்துவிடும். ஒஹாயோவின் ஆடம்ஸ் கவுண்டி, முழுக்க முழுக்கக் கிராமப்புறம், பெரும்பாலும் வெள்ளையர். அங்கே இரகசியச் சீட்டு வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், 1910–11-இல் நீதிபதி ஏ.இசட். பிளேர் நடத்திய விசாரணையில் 1,600-க்கும் மேற்பட்டோர் ஓட்டை விற்றதாகத் தண்டிக்கப்பட்டார்கள். கவுண்டியின் வாக்காளர்களில் ஏறத்தாழ கால்வாசி! நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறங்களை ஆராய்ந்த கேரி காக்ஸும் மார்கன் கௌசரும் இன்னொன்றைக் கண்டார்கள். யாருக்குப் போட்டார் என்று சரிபார்க்க முடியாமல் போனதும், கட்சிகள் எதிரணி ஆட்களுக்குப் பணம் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொல்லத் தொடங்கின. வராதவரை எண்ணுவது எளிது. பணப்பட்டுவாடா ஒழியவில்லை, வேலை மாறியது.

இரண்டாவது மறுப்பு கனமானது. தெற்கில் கறுப்பினத்தவரை வெளியேற்றியவை எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் அப்பட்டமான வன்முறையும்தான். சீட்டின் வடிவம் சில்லறை விஷயம் என்கிறது அது. வன்முறையின் பங்கை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கால வரிசை இந்த மறுப்புக்கு ஒத்துவரவில்லை. ஆர்க்கன்ஸாவில் புதிய சீட்டுச் சட்டம் 1891-இல் வந்தது, தலைவரித் திருத்தம் அதன் பிறகு 1892-இல் வந்தது. அலபாமாவில் சேயர் சட்டம் 1893; எழுத்தறிவையும் சொத்தையும் தலைவரியையும் நிபந்தனையாக்கிய அரசியல் சாசனம் 1901. சீட்டு முன்னே போய் வாக்காளர் தொகையைச் சுருக்கிய பிறகுதான் சாசனம் பின்னால் வந்து கதவைத் தாழிட்டது. கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறித்த அந்தச் சாசனத்துக்கே ஒப்புதல் கிடைத்தது எப்படி என்றால், கறுப்பினத்தவர் பெரும்பான்மையான கவுண்டிகளில் அதற்கு ஆதரவாகப் பெருந்தொகை ஓட்டு விழுந்ததாகக் கணக்குக் காட்டித்தான். எண்ணுகிறவர் கையில் பேனா இருக்கும்போது மறைப்பு எதைக் காப்பாற்றும்?

தாழிட்ட பிறகு நடந்த ஒன்று, என் பார்வையில், மேற்சொன்ன சட்டங்களை விடவும் வெளிப்படையான சான்று. 1904-இல் அலபாமாவின் ஜனநாயகக் கட்சி சேவலைச் சின்னமாக எடுத்துக்கொண்டது. சேவலின் தலைக்கு மேலே 'வெள்ளையர் மேலாண்மை' என்ற முழக்கம். கறுப்பினத்தவர் பட்டியலிலிருந்து நீங்கியாகிவிட்டது. எஞ்சியவர்களில் எழுத்தறியாத வெள்ளையர் ஏராளம். அவர்களுக்குப் படம் வேண்டியிருந்தது, கொடுத்தார்கள். எழுத்தறியாமைதான் உண்மையில் தடையாகக் கருதப்பட்டிருந்தால் சேவலுக்கு அந்தச் சீட்டில் இடமே இருந்திருக்காது.

அறுபது ஆண்டுகள் கழித்து இந்தச் சேவலே ஒரு வழியைத் திறந்துவிட்டது. 1965 தொடக்கத்தில் லௌண்டஸ் கவுண்டியின் சுமார் 15,000 பேரில் ஐந்தில் நால்வர் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. நிலத்தின் பெரும்பகுதி நூறு வெள்ளைக் குடும்பங்களுக்கும் குறைவானவர்களின் கையில் இருந்தது. மார்ச்சில் உள்ளூர்க்காரரான ஜான் ஹ்யூலட் உள்ளிட்ட சிலர் கவுண்டியின் தலைமையிடமான ஹேன்வில் நீதிமன்றத்துக்குப் பெயர் பதியப் போனார்கள். ஆகஸ்டு 6-ஆம் தேதி வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகி எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்பட்டது. மத்திய அரசின் பதிவாளர்கள் வந்தார்கள். பெயர் பதிந்ததற்காக, வாரத்துக்கு உழுதுகொண்டிருந்த குடும்பங்கள் குடிசையிலிருந்து விரட்டப்பட்டு, 80-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் போட்டுத் தங்கின. பட்டியலில் பெயர் வந்தது, இனி யாருக்குப் போடுவது? வெள்ளையர் மேலாண்மையைத் தலையில் தாங்கிய சேவலுக்கா? கவுண்டியின் ஜனநாயகக் கட்சியோ தன் உட்தேர்தலில் போட்டியிடும் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 டாலராக உயர்த்திவிட்டது.

கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டத்தின் இளம் அமைப்பாளர் ஸ்டோக்லி கார்மைக்கேலும் அவருடைய வன்முறையற்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவினரும் சட்டப் புத்தகங்களைப் புரட்டியபோது, கவுண்டி அளவிலேயே தனிக் கட்சி தொடங்கலாம் என்று கண்டார்கள். கட்சிக்குச் சின்னம் கட்டாயம். லௌண்டஸ் கவுண்டி சுதந்திர அமைப்பு தேர்ந்தெடுத்தது, பாயத் தயாராக நிற்கும் கருஞ்சிறுத்தை. பின்னாளில் கலிபோர்னியாவில் உருவான பிளாக் பேந்தர் கட்சி பெயரை இங்கிருந்தே எடுத்தது. 1972-இல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர் இயக்கம் அதிலிருந்து பெற்றது. தமிழ்நாட்டுச் சுவர்களில் நாம் காணும் சிறுத்தைகள் அந்த வழியில் வந்தவை. உலகம் அந்தச் சிறுத்தையைப் போர்க்குணத்தின் படமாக அறிந்தது. லௌண்டஸில் அதன் முதல் வேலை, படிக்கத் தெரியாத ஒருவர் சீட்டில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க உதவுவது.

படத்தைப் பார்த்துக் குத்துவது சிந்தனையற்ற வாக்கு என்ற விமர்சனம் அப்போதும் எழுந்தது, நம் நாட்டிலும் ஓயவில்லை. லௌண்டஸில் நடந்தது இதற்கு விடை சொல்லும். ஷெரீப்பின் அதிகாரம் என்ன, வரி மதிப்பிடுபவர் என்ன செய்யலாம், பள்ளிக் குழுவின் கடமை எது என்று விளக்கும் சிறு படக்கதைப் புத்தகங்கள் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுக்கப்பட்டன, பயிலரங்குகள் நடந்தன. 1966 மே 3-ஆம் தேதி, வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க, ஹேன்வில் நீதிமன்றத்துக்குச் சற்றுத் தொலைவில் முதல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடி ஏறத்தாழ 900 பேர் சீட்டுப் போட்டார்கள். அவர்களில் பலருக்கு அதுவே வாழ்வின் முதல் ஓட்டு. கவுண்டி நிர்வாகம் செய்யும் வேலைகளைப் பற்றி அந்தத் தேவாலயத்தில் கூடியவர்கள் அறிந்திருந்த அளவுக்குச் சேவலுக்குப் பரம்பரையாகக் குறியிட்டவர்கள் அறிந்திருந்தார்களா என்பது சந்தேகம்.

நவம்பர் 8-ஆம் தேதித் தேர்தலில் சிறுத்தைச் சின்னத்தின் வேட்பாளர்கள் எல்லோரும் தோற்றார்கள். அங்கீகாரத்துக்கு வேண்டிய 20 சதவீத ஓட்டை எளிதில் தாண்டியதே பலன். தோல்விக்கான காரணங்களில் ஒன்று நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது: பண்ணையார்கள் தங்கள் நிலத்தில் உழைத்தவர்களை லாரிகளில் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுவந்தார்கள், சேவலுக்கு எப்படிக் குறியிடுவது என்று சொல்லியனுப்பினார்கள். மறைப்பு இருந்தது, மறைப்புவரை கூட வந்தவர் முதலாளி. நான்கு ஆண்டுகள் கழித்து ஹ்யூலட் ஷெரீப் ஆனார். அதற்குள் அமைப்பு, சேவல் கட்சியிலிருந்து வேறான அலபாமாவின் தேசிய ஜனநாயகக் கட்சியோடு இணைந்துவிட்டிருந்தது, அவர் வென்றது கழுகுச் சின்னத்தில்.

1982-இல் வாக்குரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அமெரிக்க நாடாளுமன்றம் 208-ஆம் பிரிவைச் சேர்த்தது. பார்வையின்மையாலோ உடற்குறையாலோ எழுதப்படிக்கத் தெரியாததாலோ உதவி வேண்டும் வாக்காளர் தான் விரும்பும் யாரையும் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். அதில் விலக்கப்பட்டவர்கள் தொழிற்சங்கப் பொறுப்பாளர்களும் அவருக்கு வேலை கொடுத்த முதலாளியும் முதலாளியின் ஆட்களும் மட்டுமே.