ஃபுட்போர்டு: ஒரு பலகையின் கதை

'ஃபுட்போர்டு அடிக்கிறான்' என்று சென்னையில் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆனால் அந்தப் பலகையை யாருக்காகப் போட்டார்கள் என்று தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது வேறு கதை.

பழைய ரயில் பெட்டிகளில் உள்ளே நடைவழி கிடையாது. ஒவ்வொரு அறைக்கும் வெளிப்பக்கம் தனித்தனிக் கதவு. பிளாட்பாரமும் தாழ்வு. அதனால் பெட்டியின் நீளத்துக்கு வெளியே ஒரு பலகை அடித்திருப்பார்கள். ஏறி இறங்க மட்டுமில்லை. ஓடுற வண்டியில டிக்கெட் பரிசோதகர் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த அறைக்குப் போகவும் அதுதான் வழி. அவருக்கு அது வேலை. அதையே பயணி செய்தால் குற்றம்.

1890-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 118-வது பிரிவைப் பாருங்கள். ஊழியர் எச்சரித்த பிறகும் கூரையிலோ படியிலோ பயணம் செய்தால் 50 ரூபாய் வரை அபராதம். 1989-இல் புதுச் சட்டம் வந்தது. இப்போது 156-வது பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை ஏறியிருக்கு, சிந்தனை மாறல. முதலில் எச்சரிக்கணும், கேட்காவிட்டால் தண்டிக்கணும். மாலை ஆறு மணிக்கு மாம்பலத்தில் யார் யாரை எச்சரிப்பது?

பேருந்துக்கான சட்டம் இதில் கொஞ்சம் நியாயமாகப் பேசுகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-வது பிரிவு, படியில் பயணிப்பது தப்பு என்பதோடு, வண்டியை ஓட்டுபவரும் அதற்குப் பொறுப்பானவரும் அப்படி ஆளை ஏற்றிப் போவதும் தப்பு என்கிறது.

கெத்துக்காகத் தொங்கும் பையன்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே இடமில்லாமல், அடுத்த வண்டிக்கும் இதே கதிதான் என்று தெரிந்து தொங்குபவர்களே பீக் அவரில் அதிகம். இவர்களை இன்னொன்றும் தைரியப்படுத்துகிறது: பழக்கம். எந்த ஸ்டேஷனில் பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும், எந்தக் கம்பம் கிட்ட இருக்கும் என்பதெல்லாம் அத்துப்படி.

2018 ஜூலை 24 அன்று அந்தப் பழக்கம்தான் கைவிட்டது. மின்கம்பி அறுந்ததால் புறநகர் ரயிலை விரைவு ரயில் பாதையில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்புச்சுவர். வழக்கமான பாதையில் இந்த நெருக்கத்தில் சுவர் இல்லை. படியில் தொங்கியவர்கள் அதில் மோதினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள்.

நீதிமன்றங்களின் பார்வை கொஞ்சம் மாறியிருக்கிறது. திறந்த கதவருகே நின்று விழுந்து இறந்தவரின் வழக்கில், அது கவனக்குறைவாக இருக்கலாம், ஆனால் குற்றச்செயல் ஆகாது, குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரி, கதவை மூடினால் என்ன? மூடினால் காற்று வராது என்பது நெடுநாள் பதில். அதனால் தானாக மூடும் கதவு ஏசி வண்டியோடு சேர்ந்து வந்தது. மும்பையில் 2017 டிசம்பர் 25. சென்னையில் 2025 ஏப்ரல் 19, கடற்கரை–செங்கல்பட்டு. அதில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதா வண்டியில் 5 ரூபாய்.

2025 ஜூனில் மும்பை அருகே மும்ப்ராவில், எதிரெதிரே போன இரண்டு ரயில்களில் தொங்கியவர்கள் விழுந்து உயிர்கள் போன பிறகு, காற்றுத் துளைகள் வைத்த தானியங்கிக் கதவுகளோடு ஏசி இல்லாத வண்டியும் கட்டுவோம் என்று ரயில்வே அறிவித்தது. அப்படியென்றால் அது முடியாத காரியம் இல்லை. 1890-லிருந்து படியில் நிற்கிறவனுக்கு அபராதத்தை ஏற்றிக்கொண்டே வந்தோம். அஞ்சு ரூபாய் டிக்கெட்காரனுக்கும் ஒரு கதவு வேணும்னு யோசிக்கத்தான் இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.