மெல்லத் தொடங்கும் தன்னெதிர்ப்பு நீரிழிவு

லாடா எனப்படும் இந்நோய் பெரும்பாலும் 30 வயதைக் கடந்தவர்களிடம் தென்படுகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகச் சிறுக அழிக்கிறது. முதல் வகை நீரிழிவிலும் நடப்பது இதுதான். ஆனால் இங்கே அழிவு மெதுவாக நடப்பதால் முதல் ஆறு மாதமாவது மாத்திரையிலேயே காலம் ஓடிவிடும். மருத்துவச் சீட்டில் ‘இரண்டாம் வகை’ என்றே எழுதப்பட்டுவிடும்.

பீட்டா செல்கள் அடங்கிய கணையத் திட்டுகளைத் தாக்கும் எதிர்ப்பொருட்களை 1974இல் லண்டனில் ஆய்வாளர் போட்டாட்சோவின் குழுவினர் கண்டறிந்தனர். மாத்திரையில் இருந்த பெரியவர்கள் சிலரிடமும் அவை இருப்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரியவந்தது. 1993இல் டூமி, குரூப், சிம்மெட் முதலிய ஆய்வாளர்கள் இந்நோய்க்கு ‘லாடா’ என்று பெயரிட்டனர். 1997இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், இரண்டாம் வகை எனக் கருதப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு இத்தகைய எதிர்ப்பொருட்களில் ஒன்றான ஜிஏடி எதிர்ப்பொருள் இருந்தது.

தமிழ்நாட்டில் நீரிழிவுக்கான தனி மருத்துவம் மருத்துவர் எம். விஸ்வநாதனோடு தொடங்குகிறது. 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தனிப் பிரிவு. 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனை. லாடாவை இனங்காண்பதில் தென்னிந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு: கணையக் கல்லால் வரும் நீரிழிவிலும் நோயாளி ஒல்லியாகவே இருப்பார். உடல்வாகை மட்டும் பார்த்து லாடா என்று முடிவுகட்ட முடியாது. வயிற்று எக்ஸ்ரேயோ ஸ்கேனோ கல்லைக் காட்டும். ஜிஏடி பரிசோதனை எதிர்ப்பொருளைக் காட்டும்.

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஆரம்பாக்கம் போன்ற ஊர்களுக்கு இத்தகைய வீடுதேடி வரும் சேவை பெரிய துணை. ஆனால் விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் சர்க்கரையின் அளவைத்தான் சொல்லும், நோயின் வகையைச் சொல்லாது. மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் சர்க்கரை இறங்காமல், எடை மட்டும் குறைந்துவரும் மீனவரை ‘பத்தியம் இல்லை’ என்று கடிந்துகொள்வது அநியாயம். அவருக்குத் தேவை எதிர்ப்பொருள் பரிசோதனை.

எதிர்ப்பொருள் இருந்தால், சிகிச்சையைத் தீர்மானிப்பது, உடல் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைக் காட்டும் சி-பெப்டைடு அளவு. 2020இல் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்த வழிமுறைப்படி, அது லிட்டருக்கு 0.3 நானோமோலுக்குக் கீழே இருந்தால் முதல் வகை நோய்க்குப் போலவே இன்சுலின் தர வேண்டும். 0.3 முதல் 0.7 வரை இருந்தால் கிளிமிபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகளைத் தவிர்த்து, வேறு மருந்துகளைத் தந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும். ஏரிக்கு மீன்பிடிக்கப் போகும் நோயாளி இன்சுலினை வெயில் படாமல் வைத்திருக்கவும், தாழ்சர்க்கரை வந்தால் வாயில் போட்டுக்கொள்ளச் சர்க்கரையைக் கையோடு எடுத்துச்செல்லவும் சொல்லித்தருவதும் சிகிச்சையில் அடங்கும்.