போத்தல் விளக்கு: செய்வது எளிது, கவனம் முக்கியம்

தீபாவளியும் திருக்கார்த்திகையும் நெருங்கினால் வாசலுக்கு விளக்கு தேடுவது நம் வழக்கம். ஜொகூர் பாரு தாமான் வீடுகளிலும் சரி, கூலாய், உலு திராம் பக்கத்துத் தோட்டங்களிலும் சரி, சமையலறை மூலையில் கிடக்கும் காலிக் கண்ணாடிப் போத்தலே அதற்குப் போதும்.

இது புதிய யோசனை அல்ல. மின்சாரம் வராத காலத்தில் லயத்து வீடுகளில் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியில் துளையிட்டுத் திரி செருகி எரித்தார்கள். மலாய்க் கம்பங்களில் நோன்பு மாதத்தின் 27ஆம் இரவான மாலாம் தூஜோ லிக்கோரை ஒட்டி ஏற்றப்படும் பெலித்தாவும் இதே வகைதான்.

தேவையானவை

விரிசல் இல்லாத, அடிப்பாகம் அகன்ற கனமான கண்ணாடிப் போத்தல், அதற்குப் பொருந்தும் இரும்புத் திருகு மூடி, விரல் நீளச் செம்புக் குழாய்த் துண்டு, தடித்த பருத்தித் திரி, கூழாங்கல். பிளாஸ்டிக் மூடி உருகிவிடும், தக்கை தீப்பிடிக்கும்.

செய்முறை

போத்தலைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காய வைக்கவும். மூடியின் நடுவில் குழாய் இறுக்கமாக நுழையும் அளவு துளையும், ஓரத்தில் ஆணி முனையளவு காற்றுத்துளையும் இடவும். எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டும். குழாய் மூடிக்கு மேல் 2 முதல் 3 சென்டிமீட்டர் நிற்கட்டும். திரியின் நுனி குழாய்க்கு மேல் அரை சென்டிமீட்டர் தெரிந்தால் போதும். கூடினால் புகை கக்கும். அடியில் கூழாங்கல் போட்டால் போத்தல் எளிதில் சாயாது. எண்ணெயை முக்கால் பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. திரி நன்கு ஊறிய பின்பே பற்ற வைக்க வேண்டும்.

எந்த எண்ணெய்?

மண்ணெண்ணெய் அல்லது விளக்கெரிக்க விற்கும் பாரஃபின் எண்ணெய் ஏற்றது. பெட்ரோல் கூடவே கூடாது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற ஏறத்தாழ 38 பாகை வெப்பமாவது வேண்டும். பெட்ரோலின் ஆவியோ உறைபனிக் குளிரிலும் பற்றிக்கொள்ளும், போத்தல் வெடித்துவிடும்.

தேங்காய் எண்ணெயும் பொரித்து மிஞ்சிய எண்ணெயும் கெட்டியானவை. உயரமான திரியில் ஏறாது. அவற்றுக்கு அகன்ற வாய்க் கண்ணாடிச் சாடியே சரி. பாதி தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு விரல் உயரம் எண்ணெய் விட்டு, மிதக்கும் திரி போட்டால் அழகாக எரியும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதுவே மேல்.

ஆபத்து எங்கே?

பெரிய ஆபத்து தீ மட்டுமல்ல. சர்பத் போத்தலில் இருக்கும் மண்ணெண்ணெய் பிள்ளையின் கண்ணுக்குச் சர்பத்தாகவே தெரியும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும், அல்லது 999 எண்ணை அழைக்க வேண்டும். விளக்குப் போத்தலுக்குச் சிவப்புச் சாயம் பூசி, பூட்டிய இடத்தில் வையுங்கள்.

எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ எண்ணெய் ஊற்றாதீர்கள். வேலி, திரைச்சீலை, எரிவாயு உருளை, கார் ஆகியவற்றிலிருந்து தள்ளி, மண் தரையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். தீக்காயத்தை 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசையும் கிச்சாப்பும் தடவ வேண்டாம்.

கொசு போகுமா?

செராய் வாங்கி எண்ணெய் கலந்தால் வாசனையால் கொசு சற்று விலகலாம். ஆனால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் பகலில், குறிப்பாகக் காலையிலும் பொழுது சாயும் முன்பும்தான் கடிக்கும். அந்த நேரத்தில் விளக்கு எரியாது. அதோடு, திறந்தபடி வெளியே விட்ட போத்தலில் மழைநீர் தேங்கினால், ஒன்றிரண்டு வாரத்தில் ஏடிஸ் கொசு அதிலிருந்தே பறந்து வரும்.

பண்டிகை முடிந்ததும் மிஞ்சிய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் மூடி வைத்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாத போத்தலைக் கழுவி, கண்ணாடிக்கான பழுப்பு நிறத் தொட்டியில் போடுங்கள். 2015 செப்டம்பர் 1 முதல் ஜொகூரிலும் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம்.