சந்தாவால் நின்ற மதரஸா: வரலாறு நமக்குத் தரும் படிப்பினை

 

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு தபூக் படைக்காக உஸ்மான் (ரலி) அவர்கள் ஒட்டகங்களையும் பொற்காசுகளையும் அள்ளி வழங்கிய வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அபூ அகீல் (ரலி) என்ற ஏழைத் தோழர், கூலி வேலை செய்து ஈட்டிய பேரீச்சம் பழத்திலிருந்து அரை ஸாஉ கொண்டுவந்து கொடுத்த வரலாற்றையும் ஹதீஸ் நூல்கள் பதிந்து வைத்துள்ளன. அந்தச் சிறு கொடையைக் கண்டு நயவஞ்சகர்கள் நகைத்தனர். நகைத்தோரைக் கண்டித்துத் தவ்பா அத்தியாயத்தின் 79-ஆம் வசனம் அருளப்பட்டது. சிறிய கொடையை இழிவாக எண்ணலாகாது என்னும் இந்தப் பாடத்தை, நம் நாட்டில் ஒரு கல்வி நிறுவனம் தன் நிதி ஏற்பாட்டிற்கே அடித்தளமாக்கிக் கொண்டது. அவ்வரலாற்றை ஜமாஅத்தார் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய காலத்தில் மதரஸாக்கள் மன்னர்கள், நவாபுகள் வழங்கிய மானிய நிலங்களாலும் வக்ஃபுகளாலும் நடந்து வந்தன. ஆங்கிலேயர் ஆட்சி வலுப்பெற்றபோது மானியங்கள் பல பறிக்கப்பட்டன. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு டெல்லியும் அதன் சுற்றுப்புறமும் சீரழிந்தன. ஆதரித்த பெருங்குடும்பங்களும் நலிந்தன. கொடுத்துவந்த கை முறிந்தவுடன், அதை நம்பியிருந்த கல்விச்சாலைகளும் சாய்ந்தன.

இந்நிலையில்தான் ஹிஜ்ரி 1283, அதாவது கி.பி. 1866-ல், தேவ்பந்த் என்னும் சிற்றூரில் சத்தா மஸ்ஜிதின் மாதுளை மரத்தடியில் ஒரு மதரஸா தொடங்கப்பட்டது. அங்கே பாடம் தொடங்கிய முதல் ஆசிரியரின் பெயரும் மஹ்மூத். முதல் மாணவரின் பெயரும் மஹ்மூத். அம்மாணவரே பிற்காலத்தில் ஷைகுல் ஹிந்த் என்று போற்றப்பட்ட மவ்லானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள். கட்டடமும் இல்லை, நிலமும் இல்லை. ஹாஜி ஆபித் ஹுஸைன் (ரஹ்) அவர்கள் தமது வெள்ளைக் கைக்குட்டையைப் பையாக மடித்து, அதில் முதலில் தமது பணத்தைப் போட்டு, பின்னர் ஊராரிடம் சென்று சந்தா திரட்டினார்கள் என்று அம்மதரஸாவின் வரலாறு கூறுகிறது. பிறரிடம் கேட்பதற்கு முன் தாம் கொடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

மவ்லானா முஹம்மது காஸிம் நானூத்தவி (ரஹ்) அவர்கள் இம்மதரஸாவுக்கென எட்டு விதிகளை வகுத்தார்கள். அவற்றுள் முதல் விதியே சந்தாவைப் பற்றியதாகும். சந்தாவைப் பெருக்குவதில் மதரஸாப் பணியாளர்கள் எப்போதும் கருத்தாயிருக்க வேண்டும்; தாமும் முயல வேண்டும், பிறரையும் முயலச் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. மற்றொரு விதி கேட்போரை வியப்பில் ஆழ்த்தும். ஜாகிர் நிலம், தொழிற்சாலை, வணிகம், ஒரு செல்வந்தரின் உறுதியான வாக்கு போன்ற நிலையான வருவாய் வந்துவிட்டால், அல்லாஹ்வை நோக்கிய அச்சமும் ஆதரவும் குறைந்து, மறைவான உதவி நின்று, பணியாளர்களுக்குள் பிணக்கு தோன்றும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அரசினரும் செல்வந்தரும் அதிகமாகப் பங்கு பெறுவதிலும் தீங்கு உண்டு என்று கருதினார்கள். பெயரும் புகழும் நாடாதவர்களின் சந்தாவிலேயே பரக்கத் அதிகம் என்பது எட்டாவது விதி.

இது தவக்குலைப் பற்றிய போதனை மட்டுமன்று. சிறந்த நிர்வாக அறிவுமாகும். ஒருவர் ஆயிரம் ரூபாய் தருவதும், ஆயிரம் பேர் ஒவ்வொரு ரூபாய் தருவதும் கணக்கில் ஒன்றே. ஆனால் அந்த ஒருவர் விலகிவிட்டால் எல்லாம் போயிற்று. ஆயிரம் பேரில் நூறு பேர் விலகினாலும் தொள்ளாயிரம் எஞ்சி நிற்கும்.

மதரஸாவின் ஆண்டறிக்கை அச்சிடப்பட்டு வெளிவந்தது. சிறு தொகை கொடுத்தவரின் பெயரும் பெருந்தொகை கொடுத்தவரின் பெயரும் அதில் இடம்பெற்றன. பணம் மட்டுமின்றி தானியம், துணி, கிதாபுகள் என்று எது வந்தாலும் பதிவாயிற்று. வெளியூர் மாணவர்களுக்கு ஊர் மக்கள் தம் வீடுகளில் உணவளித்தனர். 1880-ல் இந்திய அஞ்சல் துறை மணியார்டர் முறையைத் தொடங்கியபின், தொலைதூர ஊர்களிலிருந்தும் சிறு தொகைகளை அனுப்புவது எளிதாயிற்று. புகழ் நாடலாகாது என்று கூறிவிட்டுப் பெயர்களை அச்சிடுவது முரணல்லவா என்று சிலர் கேட்கலாம். எல்லாப் பெயர்களையும் வேற்றுமையின்றி அச்சிட்டால் அது புகழ்ச்சியாகாது; பெற்ற அமானிதத்திற்கு எழுதிக்கொடுக்கும் சாட்சியாகும்.

பிற்காலத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசிலிருந்தும் மாத உதவி வந்ததுண்டு. 1948-ல் அந்த அரசே இல்லாமற்போயிற்று. மதரஸாவோ சாயவில்லை; அதன் வேர் பொதுமக்களின் சந்தாவில் இருந்தது.

அதே காலத்தில் சர் சையித் அஹ்மத் கான் அவர்கள் வேறு வழியை மேற்கொண்டார்கள். 1875-ல் அலிகரில் தொடங்கிய கல்விச்சாலைக்காகச் சமஸ்தானங்களிடமும் பிரபுக்களிடமும் அரசிடமும் உதவி பெற்றார்கள். வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு தமது சொந்தப் பணத்திலிருந்து 10,000 ரூபாய் வழங்கினார். சர் சையிதின் உழைப்பும் தியாகமும் மறுக்க முடியாதவை. அந்நிறுவனம் 1920-ல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஆயினும் 1895-ல் கல்லூரி அலுவலகத்தின் தலைமை எழுத்தர் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் கையாடியிருந்தது வெளிப்பட்டபோது, நிறுவனம் பெருந்துயரில் ஆழ்ந்தது. திரட்டுவதில் எத்துணை திறமை இருப்பினும், கணக்கைப் பல கண்கள் பார்க்காவிடில் உழைப்பு வீணாகும் என்பதற்கு இது சான்று.

அன்புச் சகோதரர்களே! நாம் முன்னர் இமாமத் பணியாற்றிய ஓர் ஊரில், மக்தப் மதரஸாவின் முழுச் செலவையும் ஒரே செல்வந்தர் ஏற்றிருந்தார். நல்ல மனிதர், அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக! ஊரார் நிம்மதியாக இருந்தனர்; சந்தா கேட்டு எவரும் எந்த வாசலுக்கும் செல்லவில்லை. அவருடைய வணிகம் நொடித்தபோது உஸ்தாதுக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றது. நான்காம் மாதம் அவர் பிழைப்பைத் தேடி வேறு ஊர் சென்றார். மஃரிபுக்குப் பின் குர்ஆன் ஓதும் ஓசை கேட்ட அறை பூட்டப்பட்டது. மீண்டும் சந்தா திரட்ட முயன்றபோது, கொடுக்கும் பழக்கமே ஊராரிடம் அற்றுப்போயிருந்தது. பணம் இல்லாததைவிட இதுவே பெரிய இழப்பாகும்.

நமது சம்பளமும் உங்கள் சந்தாவிலிருந்தே வருகிறது. ஆகவே இதை எழுத நமக்குக் கூச்சம் உண்டு. எனினும் சொல்லாதிருப்பது அமானிதத்திற்கு மாறாகும். இவ்வாண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கத்தைப் பார்க்கும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். மஹல்லாவில் எத்தனை வீடுகள் கொடுத்தன? சென்ற ஆண்டு கொடுத்தவர்களில் எத்தனை பேர் இவ்வாண்டும் கொடுத்தார்கள்; நின்றவர்களை யாரேனும் சென்று நலம் விசாரித்தோமா? ரசீதுப் புத்தகத்தையும் ரொக்கத்தையும் ஒருவருக்கு மேற்பட்டோர் சரிபார்க்கிறார்களா?

இயலாதவரிடம் பத்து ரூபாயே வரட்டும். அதற்கும் ரசீது கொடுப்போம், அவர் பெயரையும் எழுதுவோம். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை மதரஸாவுக்கென எடுத்து வைத்த நம் தாய்மார்களின் பிடியரிசிப் பழக்கம் இந்த வழியைச் சேர்ந்ததே. ஜகாத் பணம் கட்டடத்திற்கோ சம்பளத்திற்கோ உரியதன்று. அதைத் தனிக் கணக்காக வைத்து உரியவர்களிடம் சேர்ப்போம். கேட்கச் செல்லும் நிர்வாகிகள், ஹாஜி ஆபித் ஹுஸைன் (ரஹ்) அவர்களைப் போலத் தம் பங்கை முதலில் பையில் இட்டுவிட்டுப் புறப்படட்டும்.

செல்வந்தர்களின் கொடையை நாம் குறைத்து மதிக்கவில்லை. உஸ்மான் (ரலி) அவர்களின் கொடை இன்றி அப்படை முழுமை பெற்றிராது. ஆனால் அபூ அகீல் (ரலி) அவர்களின் அரை ஸாஉக்கும் இடமுள்ள ஜமாஅத்தே நிலைத்து நிற்கும். வல்ல ரஹ்மான் நம் அனைவரின் கொடைகளையும் ஏற்று, நம் பள்ளியையும் மதரஸாவையும் நம் பிள்ளைகளுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.