ஒய்தா

‘எனக்குத் தெரியும்’ எனப் பொருள்படும் பண்டைக் கிரேக்க வினைச்சொல் ‘ஒய்தா’. வடிவத்தில் இது நடந்து முடிந்த செயலைச் சொல்லும் முற்றுநிலை, பொருளிலோ நிகழ்காலம். வேர்ப்பொருள் ‘பார்’. கண்டுவிட்டேன், கண்டது மனத்தில் நிற்கிறது, ஆகவே தெரியும். ‘மலை தெரிகிறது’, ‘நீச்சல் தெரியும்’ என்று இரண்டுக்கும் ஒரே வினையை ஆளும் தமிழருக்கு இது எளிதில் விளங்கும்.

இச்சொல்லின் முதலில் ஒரு காலத்தில் வகரம் இருந்தது. கி.மு. 1200ஐ ஒட்டிய, கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனைக் களிமண் பலகை ஒன்று பாத்திரங்களைப் பட்டியலிடுகிறது. அதன் தொடக்கத்தில் ‘ஒ-வி-தெ’ என்று பதிந்திருக்கிறது: அரசன் ஒருவரைப் பதவியில் அமர்த்தியபோது, அதிகாரி ‘இவ்வாறு கண்டார்’. நம் வினையின் வேர், வகரம் கெடாமல், ஒரு சரக்குக் கணக்கில் தங்கியிருக்கிறது! ஹோமர் காவியங்களின் எழுத்தில் அந்த வகரம் இல்லை. ஆனால் அது இருப்பதாகக் கொண்டால்தான் பல அடிகளில் யாப்பு சரியாகிறது. இதை 18ஆம் நூற்றாண்டில் கவனித்தவர் ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்ட் பெண்ட்லி.

கிரேக்க முற்றுநிலை வினைகள் முதலெழுத்தை இரட்டிப்பது வழக்கம். ஒய்தா இரட்டிப்பதில்லை, அதன் உறவுச் சொல்லான சமஸ்கிருத ‘வேத’வும் அப்படியே. ‘நான் அறிவேன்’ ஒய்தா, வேத. ‘நாம் அறிவோம்’ ஹோமரில் இத்மென், சமஸ்கிருதத்தில் வித்ம. பன்மையில் உயிரொலி குறுகுவதுகூட ஒன்றுபோல் நடக்கிறது. ‘வேதம்’ என்ற சொல்லுக்கும் இதுவே வேர்.

கிரேக்க நாடகாசிரியர் சொஃபொக்கிளீஸ் இந்த வினையை நாடகமாகவே ஆக்கினார். அவரது நாயகன் ஈடிபஸின் கிரேக்கப் பெயர் ‘ஒய்திபூஸ்’. அதன் பொருள் வீங்கிய பாதம். ஆனால் கேட்பவர் காதில் ‘ஒய்தா’வும் விழும். கண் தெரியாத தீர்க்கதரிசி டைரீசியஸிடம் அவன், ஒன்றும் அறியாத ஈடிபஸ்தான் ஸ்பிங்க்ஸ் என்னும் அரக்கியின் புதிரை விடுவித்தவன் என்று குத்தலாகப் பேசுகிறான். பார்வையற்றவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பார்வையுள்ளவனுக்குத் தன் பிறப்பே தெரியவில்லை. தெரிந்ததும் கண்களைக் குத்திக்கொள்கிறான்.

அரிஸ்டாட்டிலின் ‘மெய்ப்பொருளியல்’ முதல் வாக்கியத்திலும் இவ்வினை உண்டு. அறிய விரும்புவது மனித இயல்பு என்பவர், புலன்கள் மீது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்பார்வை மீது, மக்களுக்குள்ள பிரியத்தையே சான்றாகக் காட்டுகிறார். பார்க்கப்படும் உருவைக் குறித்த ‘இதெயா’, பிளேட்டோவின் மெய்யியலில் மையச் சொல்லானது. அதுவும் இதே வேர்தான்.

ஆதென்ஸில் ‘இஸ்மென்’ எனப்பட்ட ‘நாம் அறிவோம்’ என்ற பன்மை, புதிய ஏற்பாட்டில் ஒருமையை ஒட்டி ‘ஒய்தாமென்’ எனச் சீராகிவிட்டது. பின்னர் ‘க்ஸேரோ’ என்ற வேறொரு வினை அன்றாடப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் விடை தெரியாத கேள்விக்கு இன்றைய கிரேக்கர் ‘கீரியோஸ் ஈதே’ என்பதுண்டு: ஆண்டவனுக்குத்தான் தெரியும். அந்த ‘ஈதே’ பழைய ஒய்தாவின் படர்க்கை வடிவம்.