எருதிலிருந்து எந்திரம் வரை

ஒரு நாட்டின் வரலாற்றை மன்னர்களின் பெயர்களைக் கொண்டு எழுதுவதுண்டு. போர்களின் ஆண்டுகளைக் கொண்டு எழுதுவதும் உண்டு. பாரம் இழுத்தவர்களைக் கொண்டும் வரலாறு எழுதலாம். எருதும் எருமையும் மனிதத் தோளும் பின்னர் எந்திரமும் இழுத்த சுமைகளின் மீதே நகரங்கள் எழுந்தன. சிங்கப்பூரும் அதற்கு விலக்கன்று.

இந்நகரின் ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று பகரும். சைனாடவுன் பகுதிக்குக் 'கிரேத்தா ஆயர்' என்னும் மலாய்ப் பெயர் வழங்குகிறது. தண்ணீர் வண்டி என்பது அதன் பொருள். அதே இடத்தைச் சீனர் 'மாட்டுவண்டித் தண்ணீர்' என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைக்கின்றனர். சிராங்கூன் சாலையை ஒட்டிய 'கண்டாங் கர்பாவ்' என்பதன் பொருள் எருமைக் கொட்டில். அருகிலேயே பஃபலோ சாலை உண்டு. கால்நடை வாணிகர் பெலிலியோசின் பெயரையும் ஒரு சாலை தாங்கி நிற்கிறது. இன்று மல்லிகைச் சரமும் மளிகைப் பொருளும் விற்கும் லிட்டில் இந்தியாவில் அன்று வைக்கோலும் சாணமும் மணத்தன. வண்டியோட்டிகளாகவும் மாடு வளர்ப்போராகவும் தமிழர் அங்கே உழைத்தனர். மோட்டார் லாரி வந்தபின் மாட்டுவண்டி மறைந்தது. பெயர்கள் மட்டும் மறையவில்லை.

தீவின் வடபால் அமைந்த ஈசூனின் கதையும் இதனோடு தொடர்புடையதே. ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூன் 1879இல் பிறந்து 1936இல் மறைந்தவர். அவர்தம் பெயரின் மாண்டரின் ஒலிப்பே 'ஈசூன்' என்பது. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த அவ்வூர் அன்று தோட்டங்களும் சிற்றூர்களும் சூழ்ந்த நிலம். ரப்பர்க் கன்றுகள் வளர்ந்து பயன்தரும் வரை இடைப்பயிராக அன்னாசி நடுவது அக்கால வழக்கம். காடு வெட்டுதலும் கட்டை பெயர்த்தலும் சரக்கை அங்காடிக்கு அனுப்புதலும் ஆகிய எல்லாமே இழுவைத் தொழில்கள்தாம்.

இழுப்பதைத் தொழிலாகக் கொண்ட மனிதன் அதனை விளையாட்டாகவும் ஆக்கிக்கொண்டான். கொங்கு நாட்டில் ரேக்ளாப் பந்தயம் எருதின் விரைவைச் சோதிப்பது. ஆந்திர நாட்டிலோ எருதின் வலிமையைச் சோதிக்கும் கல்லிழுப்புப் போட்டி சங்கராந்தி காலத்தில் நிகழ்கிறது. ஓங்கோல் இனத்து எருதுகளைப் பெரும் பாறைக்கல்லோடு பிணைத்து, குறித்த நேரத்தில் எவ்வளவு தொலைவு இழுக்கின்றன என்று அளப்பர். இங்கு நோக்கத்தக்க ஒன்று உண்டு. எல்லா எருதுகளும் ஒரே களத்தில் மோதுவதில்லை. இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என எருதின் பருவத்தைப் பல்லால் அறிந்து தனித்தனிப் பிரிவுகளாக விடுவர். இளங்காளை இளங்காளையோடுதான் பொரும்.

அமெரிக்க உழவர் குதிரைகளைக் கொண்டு இவ்வாறே போட்டியிட்டு வந்தனர். டிராக்டர் வந்ததும் குதிரையின் இடத்தை அது பற்றிக்கொண்டது. 1929இல் மிசௌரி, ஒகாயோ மாநிலங்களில் டிராக்டர் இழுவைப் போட்டிகள் நிகழ்ந்தன என்பர். 1969இல் தேசிய அளவில் சங்கம் கண்டு விதிகளை ஒருமைப்படுத்தினர். முதலில் மாறாத எடையுள்ள சுமையையே இழுத்தனர். பின்னர், வழிநெடுக நிற்கும் ஆட்கள் சறுக்குவண்டி தம்மைக் கடக்கும்போது ஒருவர் பின் ஒருவராக அதன்மேல் ஏறிப் பாரத்தைக் கூட்டினர். அதன் பின்னர், வண்டி நகர நகர எடைப்பெட்டி தானே முன்னோக்கி ஊர்ந்து, தரையோடு உராயும் முன்பகுதியை அழுத்தும் அமைப்பு வந்தது. தொடக்கத்தில் எளிதாய் இருக்கும் சுமை, போகப் போக மலையாய்க் கனக்கும். வாழ்க்கைச் சுமையும் பெரும்பாலும் அத்தகையதே.

இப்போட்டியில் வெல்வது எது? மிகுந்த குதிரைத்திறன் என்று புதியவர் கருதுவர். அது முழு உண்மையன்று. சக்கரம் தரையைப் பற்றாவிடில் ஆயிரம் குதிரைத்திறனும் புழுதியைத்தான் கிளப்பும். இயக்கும் சக்கரங்களின்மேல் அமரும் எடையும், தரைக்கும் டயருக்கும் உள்ள பிடிப்புமே இழுவையின் அடிப்படை. தேர் நிலைபெயரும் முதற்கணத்தைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். வடம் பிடிப்போரின் தோள்வலிமை மட்டும் போதாது. அவர்தம் பாதம் மண்ணில் ஊன்றவும் வேண்டும்.

இவ்வுண்மையைப் பொறியியலாக மாற்றியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். 1917இல் வெளிவந்த போர்ட்சன் டிராக்டர் மலிவானது. ஆனால் கலப்பை ஏதேனும் ஒன்றில் சிக்கிக்கொண்டால் முன்பக்கம் மேலெழுந்து ஓட்டுநர்மேல் கவிழும் கேடு அதற்கு இருந்தது. உழவர் பலர் உயிரிழந்தனர். கலப்பையைச் சங்கிலியால் பின்னே இழுத்துச் செல்லாமல், மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைத்து, நீர்ம அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் முறையைப் பெர்குசன் உருவாக்கினார். கலப்பையின் இழுவிசையே பின்சக்கரங்களை மண்ணில் அழுத்தியது. முன்பக்கமும் தரையில் நின்றது. ஆகவே பேரெடை இல்லாத சிறு டிராக்டரும் பெரும்பணி ஆற்றலாயிற்று.

அக்கொள்கையின் வடிவமே 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் உருவான டி.இ.20 என்னும் சாம்பல் நிற டிராக்டர். ஏறத்தாழ 1,100 கிலோ எடை. 30 குதிரைத்திறனுக்கும் குறைந்த ஆற்றல். ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை ஆலையை விட்டு வெளிவந்தன. அதன் திறனுக்குச் சான்று தென்துருவத்தில் கிடைத்தது. எவரெஸ்ட் வென்ற எட்மண்ட் ஹில்லாரி, சக்கரங்களின்மேல் தடப்பட்டைகள் பூட்டிய மூன்று பெர்குசன் டிராக்டர்களோடு புறப்பட்டு, 1958 சனவரி 4ஆம் நாள் துருவத்தை அடைந்தார். மறுகரையிலிருந்து பெரிய பனி ஊர்திகளோடு வந்த விவியன் பூக்சின் குழு இரு வாரங்களுக்குப் பின்னரே அங்குச் சேர்ந்தது. கண்டத்தையே கடக்கப் புறப்பட்ட குழு அதுவாதலின் இரண்டையும் பந்தயமாக ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும் சிறு எந்திரம் பெரும்பனியை வென்றது என்பதில் ஐயமில்லை.

தமிழகத்திற்கும் இக்குடும்பத்தோடு உறவு உண்டு. பெர்குசன் நிறுவனம் 1953இல் மாசே ஹாரிசோடு இணைந்தது; பின்னர் மாசே பெர்குசன் என்னும் பெயர் பெற்றது. அதனோடு கூட்டுச் சேர்ந்து 1960இல் சென்னையில் எழுந்ததே 'டாபே' என்னும் டிராக்டர் தொழிலகம். பொன்னேர் பூட்டிய தஞ்சை வயல்களில் செந்நிற டிராக்டர் இறங்கியதன் பின்னணி இதுவே.

எனவே பழைய டிராக்டரைக் கொண்டு இழுவைப் போட்டியில் இறங்க விழையும் புதியவர்க்கு வரலாறு கூறும் அறிவுரை தெளிவானது. எடை குறைந்த பிரிவிலேயே தொடங்குக. டி.இ.20, அதன் அமெரிக்க உறவான போர்ட் 8 என், அதனினும் சிறிய பார்மால் கப் போன்றவை ஏற்றவை. அவை பெருந்தொகையில் உருவானவையாதலின் உதிரிப்பாகம் கிடைத்தல் அரிதன்று. வண்ணப்பூச்சில் மயங்காமல் கிளட்சையும் பல்சக்கரப் பெட்டியையும் பிரேக்கையும் முதலில் ஆராய்க. பின்டயரின் பிடிப்பை நோக்குக. எல்லாவற்றினும் தலையாயது கொக்கி மாட்டும் உயரம். பின்அச்சுக்கு மேலே சுமையைப் பூட்டுவது கவிழ்வை விலைகொடுத்து வாங்குவதாகும்.

இது வெற்று எச்சரிக்கை அன்று. பஞ்சாபில் டிராக்டர்களைப் பின்னுக்குப் பின் பூட்டி இழுக்கும் 'தோச்சன்' போட்டிகளும் சாகசக் காட்சிகளும் பெருகின. 2023 அக்டோபரில் சாகசம் காட்டிய இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மாநில அரசு அத்தகைய சாகசங்களுக்குத் தடை விதித்தது. போர்ட்சன் கற்பித்த பாடத்தை நூறாண்டுக்குப் பின்னும் உயிர்விலை கொடுத்துக் கற்க வேண்டுமா என்பதே வினா.

ஈசூனில் இன்று உழுவதற்கு வயல் இல்லை. லிட்டில் இந்தியாவில் பொங்கல் காட்சிக்கு மாடு வந்தால் குழந்தைகள் வியந்து நோக்குகின்றனர். இழுத்து வாழ்ந்த தலைமுறையின் நினைவு இவ்வாறு அருங்காட்சியாகச் சுருங்குவது இயல்பே. ஆயினும் பழைய எந்திரம் ஒன்றைச் செப்பனிட்டு இயக்கும்போது, அதனைப் படைத்த அறிவும் அதற்கு முன் நுகம் சுமந்த எருதின் பொறுமையும் ஒருங்கே உயிர்பெறுகின்றன. இடுக்கண் அழியாமைக்கு எருதையே உவமை காட்டினார் வள்ளுவர். ஆரவாரமின்றி, கால் ஊன்றி, தன் அளவறிந்து இழுப்பதே அவ்வெருதின் பண்பு. எந்திரத்தைத் தேர்வோர்க்கும் அதுவே அளவுகோல்.